போர் என்று ஒரு சொல்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது செயலாளர் தம்பி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "சார், எது வேணா பேசுங்க, போர் மட்டும் அடிச்சிடாதீங்க" என்றார். முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவனிடம் இப்படிச் சொல்லலாமா? சொன்னது சொன்னீர்கள், அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஆகவே இன்று என் பேச்சு "போர்" என்ற சொல்லைப் பற்றியது. போரடித்தால் பொறுப்பு அவருடையது.

இந்தச் சின்ன ஒலிக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாணவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது "செம போர் சார்" என்பதுதான். அது ஆங்கிலத்திலிருந்து வந்த போர். எங்கள் காலத்தில் அதற்கே அறுவை, கடி, பிளேடு, ரம்பம் என்று நாலைந்து பெயர் இருந்தது. இப்போது மொக்கை என்கிறார்கள். அடுத்தது வீட்டுக்கு வீடு இருக்கிற போர். "போர் தண்ணி உப்பா இருக்கு", "அறுநூறு அடி போர் போட்டும் காத்துதான் வருது" என்கிறோமே, அது. அதுவும் ஆங்கில வரவுதான். ஆழ்துளைக் கிணறு என்று அரசாங்கக் கடிதத்தில் எழுதுவோம், வாயில் போர்தான். திருச்செங்கோட்டு போர்வெல் லாரிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போட்டுவிட்டு வருகின்றன.

மூன்றாவது வைக்கோற்போர். நான்காவதுதான் சண்டைக்கான போர். சற்று முன் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்களே, அந்தப் போர்த்துதலையும் சேர்த்தால் ஐந்து. போர்வையும் அந்தக் குடும்பம்தான். ஒரு மேடையில் ஒருவனைப் போர்த்தி, அவன் போரைப் பற்றிப் பேசி, கேட்பவர்களுக்குப் போரடித்தால் அதற்குத் தமிழைக் குறை சொல்லக்கூடாது!

விளையாட்டு இருக்கட்டும். வைக்கோற்போரிலிருந்து தொடங்குகிறேன். நான் காவிரிப் பாசன ஊர்க்காரன். கல்லூரியில் என்னோடு படித்த பலரும் அப்படித்தான். போரடிப்பது என்பது எங்களுக்கு அலுப்புத் தருகிற விஷயம் அல்ல, வயிற்றை நிரப்புகிற வேலை. அறுத்த கதிர்க்கட்டைக் களத்துக்குக் கொண்டுவந்து கையால் ஓங்கி அடிப்பார்கள். அது தலையடி. அடித்த பிறகும் தாளில் கொஞ்சம் நெல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தாளைக் குவித்துப் போராகப் போட்டு வைத்து, சில நாள் கழித்துப் பிரித்துப் பரப்பி, மாடுகளைப் பிணைத்து மேலே சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவார்கள். மிச்ச நெல் உதிரும். அதுதான் போரடித்தல். பிறகு காற்றில் தூற்றி, பதரை ஒதுக்கி, பொலியை அளப்பார்கள். தலையடி, போரடி எல்லாம் சேர்ந்து வருவதுதான் கண்டுமுதல். மாடு போதாமல் யானையைக் கட்டிப் போரடித்த மண் இது என்று பெருமை பேசுகிற பழைய பாட்டை உங்களில் பலர் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள்.

இப்போது அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கினால் அறுப்பு, அடிப்பு, தூற்றல் மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகிறது. பின்னாலேயே இன்னொரு இயந்திரம் வந்து வைக்கோலைப் பாய் சுருட்டுவதுபோல் உருளை உருளையாகக் கட்டிவிடுகிறது. போர் போட வேண்டிய வேலையே பல இடங்களில் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கூலிக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடியவனுக்குத்தான் அந்த இயந்திரத்தின் அருமை தெரியும். ஆனால் வேலை போனதும் அந்த வேலைக்குரிய சொல்லும் போகிறது. இன்றைய மாணவர், "வைக்கோல் போரில் ஊசி தேடுவதுபோல" என்று கட்டுரையில் எழுதுகிறார். அது ஆங்கிலத்திலிருந்து வந்த உவமை. நம்மூர் விவசாயி போரில் ஊசி தேடமாட்டார். பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பார். மாடு கட்டுவதற்கு நேரமாகிவிட்டதா என்று பார்ப்பார்.

இந்த வைக்கோற்போருக்கும் வாள் எடுக்கிற போருக்கும் என்ன சம்பந்தம்? ஒலி ஒன்று என்பது மட்டுமில்லை. இரண்டும் நடக்கிற இடத்துக்கும் தமிழில் ஒரே பெயர்தான்: களம். நெல் அடிப்பதும் களம், ஆள் அடிபடுவதும் களம். பழைய புலவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பொருநர் என்ற கலைஞர்களில் ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என்று மூன்று வகையை உரையாசிரியர் சொல்கிறார். தொல்காப்பியம் வாகைத் திணையில் உழவரின் களவழியையும் தேர் வீரரின் களவழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது. புறநானூற்றில் மறக்களவழி என்று ஒரு துறையே உண்டு. அதில் அரசன்தான் உழவன். அம்பு மழை. விழுந்த உடல்கள் அறுத்துப் போட்ட கதிர். அந்தப் பிணங்களைக் குவித்தது போர். அதன்மேல் மிதிக்க விட்ட மாடு, யானை.

வகுப்பில் இந்தப் பாடல்களை நடத்தும்போது பிள்ளைகள் "சூப்பர் உவமை சார்" என்பார்கள். ஒரு பெண் மட்டும், "சார், ஏர்க்களத்துல கடைசில நெல்லு கிடைக்கும். போர்க்களத்துல கடைசில என்ன சார் கிடைக்கும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் கேட்டுவந்தேன். இன்று உங்களிடமும் கேட்கிறேன்.

நம் முன்னோர் போரைப் புகழ்ந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பேரால் அழைத்துக் குழப்பவில்லை. பசுக் கூட்டத்தைக் கவர்ந்தால் வெட்சி. மண்ணாசையால் படையெடுத்தால் வஞ்சி. கோட்டையை வளைத்தால் உழிஞை. வலிமையைக் காட்ட நேருக்கு நேர் மோதினால் தும்பை. வென்றால் வாகை. எல்லாம் பூவின் பெயர்கள். வெட்சி வேறெதுவுமில்லை, நம் வீட்டு வாசலில் பூக்கிற இட்லிப்பூவின் இனம். இவற்றோடு தொல்காப்பியர் காஞ்சி என்று ஒரு திணையையும் வைத்தார். அது உலகம் நிலையில்லாதது என்று சொல்கிற திணை. கணவனை இழந்தவளின் நிலை, மனைவியை இழந்தவனின் நிலை, தலைவன் மாய்ந்தபோது எழுகிற அழுகை ஒலி எல்லாம் அதில் அடக்கம். அந்த அழுகைக்கு அங்கே பெயர் பூசல். போர் இலக்கணம் எழுதியவர் சாவு வீட்டையும் அந்த இலக்கணத்துக்குள்ளேயே வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

இன்று அந்தச் சொற்கள் எங்கே இருக்கின்றன? வாகை, விளையாட்டுப் பக்கத்தில் இருக்கிறது: "கோப்பையை வென்று வாகை சூடியது." பூசல், அரசியல் பக்கத்தில்: "உட்கட்சிப் பூசல்." முற்றுகை, மின்வாரிய அலுவலகத்து வாசலில். வியூகம், தேர்தல் நேரத்தில். அமர் என்றால் போர், அமர்க்களம் என்றால் போர்க்களம். நாமோ, "கல்யாணம் அமர்க்களமா நடந்துச்சு" என்கிறோம். 1999இல் அஜித் படத்துக்கே அது பெயரானது. அமர்க்களத்துக்குப் போய் வயிறார விருந்து சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்புகிற ஒரே இனம் நாம்தான்!

சொற்கள் இப்படி இடம் மாறுவது இயற்கை. அதைத் தடுக்க யாராலும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. நகரமே நடுங்கியது. அந்தக் கப்பல் அதே வருஷம் நவம்பரில் அழிந்தது. ஆனால் தமிழில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "அவன் பெரிய எம்டன்டா, அவன்கிட்ட வச்சுக்காத" என்கிறோம். பயம் போய், பெயர் மட்டும் நின்றது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். போரை அனுபவித்தவர்கள் அதைப் போர் என்று சொல்வதில்லை. என் பாட்டி இரண்டாம் உலகப் போரை, "சண்டைக் காலம்" என்றுதான் சொல்வார். "சண்டைக் காலத்துல மண்ணெண்ணெய் கிடைக்காது", "சண்டைக் காலத்துல பட்டணத்த காலி பண்ணிட்டு வந்தாங்க" என்பார். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னையை விட்டு ஜனங்கள் கிளம்பிய கதை அது. அதற்கு முந்தைய போர் அவருக்கு "ஜெர்மன் சண்டை". பத்திரிகையில் படித்தவர்களுக்கு அது உலக மகா யுத்தம். பாடப்புத்தகத்தில் படித்த எங்களுக்கு உலகப் போர். தூரம் கூடக் கூடச் சொல் பெரிதாகிக்கொண்டே போகிறது.

நம் விடுதியில் எங்கள் செட்டில் ஒரு யாழ்ப்பாணத்து நண்பன் இருந்தான். பெயர் வேண்டாம், எங்கள் செட்காரர்களுக்குத் தெரியும். 1975இல் ஊருக்குப் போனவனை நான் மறுபடி பார்த்தது எத்தனையோ வருஷம் கழித்து. இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். நான் "போர் நடந்தப்ப", "போர்க் காலத்துல" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவன் வாயில் ஒரு தடவைகூட அந்தச் சொல் வரவில்லை. "பிரச்சினை தொடங்கினாப் பிறகு" என்றான். "ஷெல்லடி" என்றான். "பங்கர்" என்றான். "தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வு" என்றான். 1995 அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பகுதி ஜனங்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் கிளம்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்களே, அதைச் சொன்னான். அம்மாவை சைக்கிள் கேரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனதாகச் சொன்னான்.

நான் கேட்டேன், "ஏன்டா, நீ போர்னே சொல்ல மாட்டேங்கற?" அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், போர் எண்டது பேப்பரில வாறது. எங்களுக்கு நடந்தது ஷெல்லடி."

அங்கே இன்னொரு சொல்லும் உண்டு. நாம் கதிர்க் குவியலைப் போர் என்பதுபோல அவர்கள் சூடு என்பார்கள். சூடு மிதித்தல், சூடடித்தல் என்றால் நம்முடைய போரடித்தல்தான். அதே ஊரில் சூடு என்றால் துப்பாக்கிச் சூடும்தான். வயலில் ஒரு சூடு, தெருவில் ஒரு சூடு. புறநானூற்றுப் புலவர் கற்பனையில் சேர்த்து வைத்த இரண்டு களத்தையும் அந்த ஜனங்கள் ஒரே ஊருக்குள் பார்த்துவிட்டார்கள்.

2009 மே மாதத்தில் அங்கே போர் முடிந்தது என்று உலகம் எழுதியது. தொலைந்துபோன பிள்ளைகளின் தாய்மாருக்கு முடியவில்லை. அவர்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "காணாமல் போனோர்" என்று எழுதாதே, "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்று எழுது என்கிறார்கள். தமிழாசிரியனாக எனக்கு இதைவிடப் பெரிய இலக்கணப் பாடம் கிடையாது. காணாமல் போனான் என்றால் அவனாகப் போனான். காணாமல் ஆக்கப்பட்டான் என்றால் ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான். தன்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அந்தத் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கி, மகனின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் உட்கார்ந்து காட்டினார்கள்.

போராட்டம் என்றேன். போரும் போராட்டமும் ஒன்றல்ல. போரில் எதிரியை ஒழிக்க வேண்டும். போராட்டத்தில் கோரிக்கை நிறைவேற வேண்டும். எதிரில் இருப்பவர் உயிரோடு இருந்து, மனம் மாறிக் கையெழுத்துப் போட்டால்தான் போராட்டம் ஜெயிக்கும். எங்களுக்குப் பத்து வருஷம் மூத்த மாணவர்கள் 1965இல் நடத்தியதை மொழிப்போர் என்கிறோம். ஜனவரி 25ஐ மொழிப்போர் தியாகிகள் நாள் என்று வைத்திருக்கிறோம். அதைப் போர் என்று சொல்லத் தகுதி எங்கிருந்து வந்தது? உயிர் போனதால் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் 1965 ஜனவரி 27ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். உங்களைப்போல ஒரு கல்லூரி மாணவர், பின்வரிசைத் தம்பிகளே.

அப்படிப்பட்ட சொல்லை நாம் எப்படிச் செலவு செய்கிறோம் என்று பாருங்கள். கிரிக்கெட் ஆட்டம் ஒரு போர். 2017 மே மாதம் ரஜினிகாந்த் தன் ரசிகர்களிடம், போர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் பேசினார். தேர்தலைச் சொல்கிறார் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். கணவனும் மனைவியும் இரண்டு நாள் பேசாவிட்டால் "வீட்ல பனிப்போர் சார்". பொதுத்தேர்வு ஒரு போர், நுழைவுத்தேர்வு அதைவிடப் பெரிய போர்.

2020இல் கொரோனா வந்தபோது, "கொரோனாவுக்கு எதிரான போர்" என்றோம். செவிலியரையும் தூய்மைப் பணியாளரையும் முன்களப் பணியாளர் என்றோம். களம் என்ற அந்தப் பழைய சொல் மறுபடி வந்தது. மரியாதையாகத்தான் வைத்தோம். ஆனால் போர் என்று சொன்னவுடனே மனசு எதிரியைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. கிருமி கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு நோயாளி தெரிவார். நோய் வந்த வீட்டைக் குற்றவாளி வீடுபோலப் பார்த்தோம். சில இடங்களில் இறந்த மருத்துவரைப் புதைக்கக்கூட இடம் தர மறுத்து, ஆம்புலன்ஸை அடித்து விரட்டினார்கள். சென்னையில் 2020 ஏப்ரலில் அப்படி நடந்தது. முன்களப் பணியாளர் என்று மாலை போட்டவர்களும் கல்லெறிந்தவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

இன்னொன்று. எங்கள் செட்டில் ஒரு நண்பன் புற்றுநோயால் போனான். இரங்கல் சுவரொட்டியில், "புற்றுநோயுடன் போராடி இறுதியில் தோற்றார்" என்று அச்சடித்தார்கள். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். அவன் மனைவி என்னிடம் கேட்டார்: "அண்ணே, அவரு எதுலண்ணே தோத்தாரு? ஒரு ஊசிக்கு முகம் சுளிக்கல, ஒரு நாள் மருந்து வேணாங்கல. தோத்துட்டாருன்னு போட்டுட்டாங்களே." போர் என்ற சொல்லுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவன் ஜெயிக்க வேண்டும், ஒருவன் தோற்க வேண்டும். நோயில் கிடந்து இறந்தவன் தோற்றவன் அல்ல. பிழைத்தவன் ஜெயித்தவனும் அல்ல. அவன் உடம்புக்கு மருந்து கேட்டது, இவன் உடம்புக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

கிராமத்திலும் இது நடக்கிறது. அண்ணன் முந்நூறு அடி போர் போட்டால் தம்பி ஐந்நூறு அடி போடுகிறான். தம்பிக்குத் தண்ணீர் வந்து அண்ணனுக்கு வற்றினால் அண்ணன் எண்ணூறு அடி போடுகிறான். இரண்டு பேரும் பேசுவதில்லை. கேட்டால், "தண்ணிக்குப் போருதான்" என்கிறார்கள். அது போர் அல்ல ஐயா. சண்டை. சண்டை என்று ஒத்துக்கொண்டால் நாளைக்கே ஒரு பெரியவரை வைத்துப் பேசி முடிக்கலாம், ஒரு கல்யாணத்தில் சேர்ந்துகொள்ளலாம். போர் என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யார் இறங்கி வருவது? தமிழில் சண்டைக்குச் சமாதானம் உண்டு. அதனால்தான் "சண்டையும் சமாதானமும்" என்று சேர்த்தே சொல்கிறோம்.

அதற்காக நாளையிலிருந்து யாரும் போரடிக்குது என்று சொல்லக்கூடாது என்று நான் உத்தரவு போடப் போவதில்லை. அது வேறு சொல், பாவம், அது யாரையும் கொல்லாது. மாணவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒரு விஷயத்தைப் போர் என்று சொல்வதற்கு முன்னால், இதில் எதிரி யார் என்று ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்கள். தேர்வில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எதிரியா? மதிப்பெண் குறைந்தால் நீங்கள் களத்தில் விழுந்தவரா? அடுத்த முறை எழுதலாம். போர்க்களத்தில் விழுந்தவனுக்கு அடுத்த முறை கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துபோய்த்தான் சில பிள்ளைகள், தேர்வு முடிவு வந்த அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். அந்த வீடுகளுக்கு ஓர் ஆசிரியனாக நான் போயிருக்கிறேன். எதற்கும் உங்கள் வாயால் அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

உண்மையாகவே போர் நடக்கிற இடம் இன்றும் உலகத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்தால், அந்தச் செய்தியைப் படிக்கும்போது போர் என்ற சொல் நமக்கு உறைக்க வேண்டும். கிரிக்கெட்டுக்கும் சீரியலுக்கும் அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால், அன்றைக்கு அந்தச் செய்தியும் நமக்குப் போர் அடிக்கும். சொல்லைச் சிக்கனமாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

அந்த மாணவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏர்க்களத்தில் கடைசியில் நெல் கிடைக்கும், பதர் பறந்துபோகும். இந்தக் கல்லூரி எங்களுக்கு ஏர்க்களமாகத்தான் இருந்தது. நன்றாகவே அடித்தார்கள், மிதித்தார்கள், தூற்றினார்கள். தலையடியில் உதிராதவர்கள் அரியர்ஸ் எழுதிப் போரடியில் உதிர்ந்தோம். ஆனால் யாரும் எங்களுக்கு எதிரியாக இருக்கவில்லை. உங்களுக்கும் இது ஏர்க்களமாகவே இருக்கட்டும்.

செயலாளர் தம்பி கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு தயார் என்று நினைக்கிறேன். வாசனை அமர்க்களமாக வருகிறது.